எழுந்து வாங்காத பத்திரிகை

தங்கசாமியின் தங்கை விஜயராணியும் அவள் புருஷன் முத்துசெல்வமும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வாஷியிலிருந்து வந்திருந்தார்கள். தங்கசாமி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, பூ, அதன் மேல் மஞ்சள் தடவிய பத்திரிகை. முத்துசெல்வம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் விஜயராணி. இந்தப் பக்கம் தங்கசாமியின் மனைவி கனகவள்ளி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். புருஷனும் எழுந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"குடுங்க மாப்ள."

முத்துசெல்வத்தின் கை அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்ப்பவர் மாதிரி நின்றார். பிறகு குனிந்து, தாம்பாளத்தைத் தங்கசாமியின் மடியருகே டீப்பாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்யாணத்துக்கு வந்துருங்க அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான். காபி கலக்கப் போன கனகவள்ளியை விஜயராணி கையைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம் மைனி, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும் என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை தங்கசாமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. எழுந்திருக்க முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று காலையில் குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. பிடரியிலும் தோளிலும் யாரோ மூட்டையை ஏற்றின மாதிரி ஒரு வலி. சுவரைப் பிடிக்கக் கை போனது தெரியும், பிடித்தது தெரியாது. கண் திறந்தபோது வாளிக்குப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். பத்திரிகைத் தாம்பாளத்தைப் பார்த்ததும் எழத்தான் போனார். பாதி எழுகையிலேயே அறை மங்கிவிட்டது. மஞ்சள் தடவிய பத்திரிகையோடு மாப்பிள்ளை மேல் விழுந்து வைத்தால் என்ன ஆகும் என்று பயந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார்.

இது புதிதும் அல்ல. தீபாவளிக்கு முன்பிருந்தே இருந்தது. படுக்கையை விட்டு எழும்போதும், மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்போதும் ஒரு தள்ளாட்டம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும். எழுபதைத் தாண்டினால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிஜத்தில் அவர் பயந்தது வேறு. தாராவி தொண்ணூறடி ரோட்டில் அவருடைய பாத்திரக்கடைக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருந்த முகைதீன் பாய், போன வருஷம் இப்படித்தான் ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. அதற்குப் பிறகு பாய் கடைக்கு வரவே இல்லை. பார்க்கப் போனபோது மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். கடையில் என்ன வியாபாரம் என்றுகூடக் கேட்கவில்லை.

தங்கசாமியின் மகன் ஜெயகணேஷ் நல்ல பிள்ளை. அதுதான் ஆபத்து. விஷயம் தெரிந்தால் அன்போடு வீட்டில் உட்கார வைத்துவிடுவான். "பப்பா, பஸ், ஆராம் கரோ," என்பான், போதும், ஓய்வெடுங்க என்று இந்தியில். அப்புறம் கல்லாவும் கிடையாது, காலை டீயும் கிடையாது, கடைத்தெருவும் கிடையாது.

அதனால் அன்று அவர்கள் போனபிறகு கனகவள்ளி கேட்டபோதும் சொல்லவில்லை.

"எந்திரிச்சு வாங்குனா என்னவாம்? பெத்த பொண்ணுக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்காவ. ஏன் இப்பிடிச் செஞ்சிய?"

"மறந்துட்டேன்."

"மறப்பியளா?"

அவர் டி.வி.யைப் போட்டார். கனகவள்ளி தாம்பாளத்தை எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பத்திரிகையை அவர் பிரித்துப் படிக்கக்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து விஜயராணி போன் செய்தாள். "அண்ணே, அவிய சரியா சாப்பிடக்கூட மாட்டேங்காவ. இனி உங்க அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேங்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. பின்னால் ஜெயகணேஷ் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான். "கல்யாண வேலையைப் பாரு. எல்லாம் சரியாப் போகும்," என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் செம்பூரில் ஒரு மண்டபத்தில். தாய்மாமன் என்ற முறையில் அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், பெரும்பாலும் உட்கார்ந்தே. முத்துசெல்வம் அவரிடம் தேவைக்குப் பேசினார். வந்தவர்கள் முன்னால் குறை வைக்கவில்லை. தாலி கட்டி முடிந்து, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டானபிறகு போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். தங்கசாமி வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார். மேடையில் விளக்குகளின் சூடு. போட்டோக்காரன் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தினான். குள்ளமானவர்கள் முன்னால், பிள்ளைகள் கீழே, மாமா இப்படி நகருங்க. தங்கசாமி மணப்பெண்ணின் பின்னால், முத்துசெல்வத்தின் அருகில் நின்றார். பிடரியில் அந்த வலி ஏறியது. இறங்கிவிடலாம் என்று நினைத்தார். இந்த ஒரு படத்துக்கு நின்றுவிட்டால் போதும் என்றும் நினைத்தார்.

அடுத்து அவருக்குத் தெரிந்தது மேடைப் பலகையின் வாசனை. நெற்றியில் சூடாக ஏதோ வழிந்தது. யாரோ அவரைத் தூக்கினார்கள். முத்துசெல்வம். பட்டுச்சட்டையில் ரத்தம். அந்த முகத்தில் பயமும் இருந்தது, பழைய மனத்தாங்கலும் இருந்தது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அபசகுனம் என்று முணுமுணுத்தது கேட்டது. காலையிலேயே ஊத்திட்டு வந்திருப்பாவ என்று இன்னொரு குரல். தங்கசாமி வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை குழறியது. அது அந்தக் குரலுக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். பிறகு மாட்டுங்காவில் டாக்டர் சுந்தரராமனிடம் ஜெயகணேஷும் கனகவள்ளியும் கூட்டிக்கொண்டு போனார்கள். நெற்றித் தையலை அவர் பார்த்ததோடு சரி. "படுத்துக்கோங்கோ. பேசாம இருங்கோ," என்று சொல்லிக் கொஞ்ச நேரம் விட்டு பிரஷர் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, நிற்கவைத்தே மறுபடி பார்த்தார். படுத்திருக்கையில் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தது, நின்றதும் நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்கியது. டாக்டர் சட்டென்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எழுந்து நிக்கறச்சே ரத்தமெல்லாம் காலுக்கும் வயித்துக்கும் எறங்கும். ஒடம்பு அதை உடனே மேலே தள்ளணும். உங்க ஒடம்பு மெதுவாத் தள்றது. அதுக்குள்ள மூளைக்குப் போறது கொறைஞ்சுடறது. எத்தனை நாளா இருக்கு?"

தங்கசாமி கனகவள்ளியைப் பார்க்காமல் சொன்னார். "தீபாவளிக்கு முந்தியே."

டாக்டர் மாத்திரைச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். பிரஷருக்கு ஒன்று, சிறுநீர் தாராளமாகப் போவதற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து பிரஷரை இறக்குகின்றன என்று சொல்லி ஒன்றை மாற்றி எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். சாப்பிட்ட உடனே எழக் கூடாது, வெந்நீரில் அதிக நேரம் குளிக்கக் கூடாது. கடைசியில் தங்கசாமியின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"இங்கே சதையே இல்லையே. ரத்தத்தை மேலே தள்றதுக்கு இந்தச் சதைதான் பம்பு மாதிரி. கால் பலத்துக்கு வெயிட் தூக்குங்கோ. செம்பூர்ல ஜெபசெல்வின்னு ஒரு பொண்ணு இருக்கா, வயசானவாளுக்கு நன்னாச் சொல்லித் தரா. ஆனா ஒண்ணு. இதால பிரஷர் எறங்கறது முழுசா நின்னுடும்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்குக் கொறையறது, சில பேருக்கு அவ்வளவா கொறையறதில்லே. ஆனா கால் கெட்டியா இருந்தா விழறச்சே பிடிச்சுக்கலாம்."

டாக்ஸியில் கனகவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியபோதுதான் பேசினாள்.

"அப்ப அன்னிக்குப் பத்திரிகை வாங்கும்போதும் இதுதானா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா? நான் உங்களை என்னமெல்லாம் நெனைச்சேன் தெரியுமா?" அழுதாள். "இப்பமே விஜிக்குப் போன் போட்டுச் சொல்லுதேன்."

"வேண்டாம். நான்தான் அவமானப்படுத்துனேன். நானே போய்ச் சொல்லுதேன். விழாம நிக்க முடியுதான்னு பாத்துட்டுப் போறேன்."

ஜெபசெல்வி தமிழர்கள் நிறைய இருக்கும் சீத்தா கேம்ப் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வைத்திருந்தாள். தங்கசாமி போன முதல் நாள் அங்கே பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்படியே திரும்பிவிடலாம் போல இருந்தது.

"அங்கிள், முதல்ல நாற்காலியிலிருந்து எந்திரிங்க. கைய ஊனக் கூடாது."

எழ முடியவில்லை. தொடை நடுங்கியது. மயக்கத்தால் அல்ல, வெறும் பலக் குறைவு. இது அவருக்கு அதுவரை தெரியாது. நாற்பது வருஷத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர். எடுக்க ஆள், இறக்க ஆள், டீ வாங்க ஆள். கை மட்டும் வேலை செய்தது, வாய் வேலை செய்தது.

ஜெபசெல்வி நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினாள். அதிலிருந்து எழ முடிந்தது. பிறகு ஒரு தலையணையை எடுத்தாள். சில வாரங்களில் தலையணை இல்லாமல் எழுந்தார். பிறகு மார்போடு ஒரு வெயிட்டை அணைத்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கினார். "மூச்ச அடக்காதீங்க அங்கிள். அடக்குனா பிரஷர் ஏறி எறங்கும், அப்புறம் சக்கர் ஆயேகா, தலை சுத்தும். தூக்கும்போது ஊதி விடுங்க," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். எழுந்திருப்பதற்கு முன்னால் உட்கார்ந்தபடியே பாதத்தை ஆட்டி, தொடையை இறுக்கி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, அப்புறம் எழச் சொன்னாள்.

கால் தேறியது. வீட்டு மாடிப்படியில் தெரிந்தது. ஆனால் மயக்கம் முழுதாகப் போகவில்லை. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் காலையில் கட்டில் விளிம்பில் உட்காரும்போதே அறை ஆடும். ஏப்ரல் வெயிலில் ஒரு மதியம் கடையில் எழுந்தவர் குண்டான் அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டார். அடுக்கு சரிந்து தெருவெல்லாம் உருண்டது. கால் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. ஆனாலும், இதுவரை கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருந்த ஜெயகணேஷின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அவன் பாத்திரங்களைப் பொறுக்கினான். அன்றிலிருந்து அவர் எழும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தான். அது அவருக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஜெபசெல்வி மறுபடி படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தாள். "எறங்குறது இன்னும் இருக்கு அங்கிள், பொய் சொல்ல மாட்டேன். ஆனா முன்ன அளவுக்கு இல்ல. மாத்திரை மாத்துனதாலயா, இந்த வெயிட்டாலயா, ரெண்டாலயுமான்னு எனக்குத் தெரியாது. வர்றத நிறுத்தாதீங்க."

அன்றே அவர் கனகவள்ளியைக் கூப்பிட்டுக்கொண்டு, செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயில் ஏறி வாஷிக்குப் போனார்.

முத்துசெல்வத்துக்கு வாஷி மார்க்கெட்டில் மிளகாய் மண்டி. வீடு அங்கிருந்து பக்கம், நல்ல பெரிய ஃபிளாட். விஜயராணி கதவைத் திறந்ததும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். முத்துசெல்வம் எழுந்து நின்று, வாங்க அண்ணாச்சி என்றார். தங்கை புருஷனாகி முப்பது வருஷம் ஆகியும் அவர் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. தங்கசாமியின் கடையில் வேலைக்கு வந்த காலத்தில் கூப்பிட்டதையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தங்கசாமி எல்லாவற்றையும் சொன்னார். குளியலறை, மேடை, டாக்டர், மாத்திரை, மணல் பை. பத்திரிகையன்று ஏன் எழவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார். "குடிச்சிருந்தேன்னு பேசுனாவ. நான் குடிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும் மாப்ள. உங்களை மதிக்காம இல்ல. எந்திரிக்க முடியல, அவ்வளவுதான்."

முத்துசெல்வம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேசினார்.

"ஒடம்புக்கு முடியலன்னா முன்னமே சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. விழுந்த அன்னிக்கு நான்தான் தூக்குனேன். எனக்கும் பதறிட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீய. அன்னிக்கு ஒரு நாள் நீங்க எந்திரிக்கலன்னு எனக்குக் கோவம் இல்ல. அதுக்கு முன்னால என்னைக்காவது எந்திரிச்சிருக்கியளா?"

"என்னங்க," என்றாள் விஜயராணி.

"இரு. மண்டி திறக்கதுக்குக் கூப்பிட வந்தேன். கல்லாவுல இருந்தபடிக்கே 'சரி சரி, பாக்கலாம்'னிய. அதுக்கும் முந்தி, உங்க கடையில வேலை பாக்கும்போது, எங்கப்பா செத்துக் காரியம் முடிச்சு, மொட்டைத் தலையோட ஊர்ல இருந்து நேரா கடைக்கு வந்தேன். 'எப்ப வந்தே, மாட்டுங்காவுக்குச் சரக்கு போகணும்'னு சொன்னிய. அப்ப நான் உங்க தங்கச்சி புருஷன். அப்பல்லாம் உங்களுக்குக் காலு நல்லாத்தான் இருந்திச்சு."

குரல் உயரவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அந்த மொட்டைத் தலை தங்கசாமிக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மாட்டுங்காவுக்குச் சரக்கு போனது நினைவிருந்தது, அங்கே எந்தக் கடை என்பதுகூட நினைவிருந்தது.

"நான் அப்பிடி ஒண்ணும் நெனைச்சுச் செய்யல மாப்ள."

"தெரியும். நீங்க நெனைக்கவே இல்ல."

விஜயராணி சாப்பாடு போட்டாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். புது மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது முத்துசெல்வம் ஆட்டோ வரை கூட வந்தார், பார்த்து ஏறுங்க என்றார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கடல் மேல் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. தங்கசாமி, "நான் யாருக்கும் எந்திரிச்சதே இல்லையா?" என்று கேட்டார்.

கனகவள்ளி யோசித்தாள். "பேங்க் மேனேஜர் வந்தா எந்திரிப்பிய."

அவர் அவளை முறைத்தார். அவள் கேலி பண்ணவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் சரியில்லாமல் இருந்தார். முத்துசெல்வத்தின் மேல் கோபம் வந்தது. தன் தங்கையைக் கொடுத்து, தொழில் பழக்கிவிட்டவனைப் பார்த்து இவன் இப்படிக் கேட்பதா என்று கனகவள்ளியிடம் கத்தினார். மறுநாள், அவன் கேட்டதில் என்ன தப்பு என்று அவரே சொன்னார். வெயிட்டை அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழும்போது, மூச்சு விட மறந்துபோய் ஜெபசெல்வியிடம் திட்டு வாங்கினார். இரண்டு தரம் செம்பூருக்குப் போகாமல் மட்டம் போட்டார். மூன்றாம் தரம் கனகவள்ளி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நீங்க வரலன்னா நான் போய்த் தூக்குதேன் என்றாள். போனார்கள். அவளும் மணல் பை கட்டிக்கொண்டாள். அவளுக்கும் முட்டி வலி இருந்தது, இதுவரை அவளும் சொன்னதில்லை.

விஜயராணி முன்பு போல வாரம் ஒரு தரம் போன் செய்தாள். முத்துசெல்வம் பேசுவதில்லை. அவிய மண்டிக்குப் போயிருக்காவ என்பாள். பின்னால் அவர் இருமும் சத்தம் கேட்கும்.

மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு சாயங்காலம், கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் போன் வந்தது. முத்துசெல்வத்தின் நம்பர். தங்கசாமி பயந்துகொண்டே எடுத்தார்.

"அண்ணாச்சி, அம்மைக்கு ரெண்டு நாளா எந்திரிச்சா கண்ணு இருட்டுதாம். காலையில கட்டில்கிட்ட விழப் பாத்தாவ. நீங்க ஒரு டாக்டர் சொன்னியள்லா, மாட்டுங்காவுல."

முத்துசெல்வத்தின் தாய் அவரோடு வாஷியில்தான் இருந்தாள். எண்பதைத் தாண்டியவள்.

"சுந்தரராமன். விலாசம் அனுப்புதேன். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் சொல்லுததைக் கேளுங்க." தங்கசாமி எழுந்து நின்றிருந்தார், அதை அவர் கவனிக்கவில்லை. ஜெயகணேஷ் கவனித்தான். "படுத்திருந்து ஒரேயடியா எந்திரிக்க விடாதீங்க. மொதல்ல எழுப்பிக் கட்டில் ஓரத்துல உக்கார வைங்க. காலைத் தொங்கப்போட்டு ஆட்டச் சொல்லுங்க. ஒரு தம்ளர் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. அப்புறம் நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு எழுப்புங்க. நின்ன உடனே நடக்க விடாதீங்க. பிடரி வலிக்குன்னு சொன்னா உடனே உக்கார வச்சிரணும். கேட்டியளா? பிடரி வலிதான் மொத அடையாளம்."

"பிடரி வலிக்குன்னுதான் சொல்லுதாவ."

"அப்ப அதேதான். குளியலறைக்குத் தனியா விடாதீங்க. கதவைச் சாத்த விடாதீங்க. வெக்கப்பட்டாலும் பரவாயில்ல."

அந்தப் பக்கம் முத்துசெல்வம் யாரிடமோ தண்ணி கொண்டா என்று சொல்வது கேட்டது. பிறகு, "எந்த மாத்திரை எந்த நேரம்னு எழுதி எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் அப்பிடியே ஒரு பையில போட்டுக் கொண்டு வந்துருங்க. டாக்டர் பாத்துக்கிடுவாரு. நானும் வாரேன். மாட்டுங்கா ஸ்டேஷன்ல நிக்கேன்."

"மழையில நீங்க எதுக்கு?"

"வாரேன்."

"சரி. காலையில கெளம்பும்போது சொல்லுதேன்," என்று முத்துசெல்வம் போனை வைத்தார்.

தங்கசாமி மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, சாப்பிட்ட உடனே எழ விடக் கூடாது என்று சொல்ல விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டுக் கனகவள்ளியிடம் சொன்னார். விஜிகிட்ட உடனே சொல்லிரு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தியே சொல்லிரு என்றார்.